முதல் கிளப் ரேஸுக்குத் தனியாகப் போனேன்

கார் ரேஸ் என்றால் பணக்காரர்கள் விளையாட்டு, டிவியில் பார்ப்பதோடு சரி என்றுதான் நானும் நாற்பது வயது வரை நினைத்திருந்தேன். கலிஃபோர்னியாவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான், இங்கே வாரநாளில் ஆபீஸ், பட்டறை, பள்ளிக்கூடம் என்று வேலை பார்ப்பவர்கள் சனி ஞாயிறில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ரேஸ் ஓட்டுவது தெரிய வந்தது. இதை நடத்தும் கிளப்களில் பெரியது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. 1944-ல் தொடங்கியது. பரிசுப் பணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நுழைவுக் கட்டணம் கட்டுகிறோம், ஓட்டுகிறோம், திங்கட்கிழமை வேலைக்குப் போகிறோம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. என் முதல் ரேஸுக்கு நான் யாரையும் துணைக்கு அழைத்துப் போகவில்லை. அந்த இரண்டு நாளில் ஏறத்தாழ 2,450 டாலர் போனது. ஒரு சக்கரமும் போயிருக்க வேண்டியது. புதிதாகப் போக நினைக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் ஓட்டுவது ஸ்பெக் மியாட்டா என்ற வகை. 1989-ல் மாஸ்டா கொண்டுவந்த இரண்டு சீட்டுக் குட்டிக் கார் மியாட்டா. அதன் முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்குள் இரும்புக் கூண்டு வைத்து, ஒரே சஸ்பென்ஷன், ஒரே டயர் என்று கட்டுப்படுத்தி ஓட்டும் வகுப்பு இது. காரின் விலையை விட ஓட்டுபவரின் கைதான் பேசும் என்பதால் புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் சேர்வார்கள். முதலில் ஒரு மாலைப் பொழுது என் சொந்தக் காரையே டிராக்கில் ஓட்டிப் பார்த்தேன். கிளப்பே 'டிராக் நைட்' என்று நடத்துகிறது, லைசென்ஸ் எதுவும் வேண்டாம், ஹெல்மெட் இருந்தால் போதும். ஆசை இருப்பவர்கள் அங்கே தொடங்குவதே நல்லது. பிறகு மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, புதியவர்களுக்கான அனுமதி எடுத்து, வாடகைக் காரில் ரேஸ் பள்ளியை முடித்தேன். அதற்குப் பிறகு ஓர் அறிவிப்பைப் பார்த்துப் பழைய ஸ்பெக் மியாட்டா ஒன்றை 14,500 டாலருக்கு வாங்கினேன். ரேஸுக்கு முன் அந்தக் காரை ஒரு தடவையாவது டிராக்கில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கூட ஓட்ட முடியாது, ரேஸ் காருக்கு ரோட்டில் ஓட அனுமதி இல்லை. அதனால் ஒரு பயிற்சி நாளுக்குப் பணம் கட்டி, ரேஸுக்கு முன்பே காரைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தச் சில நூறு டாலரை மிச்சம் பிடித்துத்தான் நான் சிக்கலை விலைக்கு வாங்கினேன்.

ரேஸ் நடந்தது தண்டர்ஹில் டிராக்கில். சாக்ரமென்டோ பள்ளத்தாக்கின் வடக்கே வில்லோஸ் என்ற சின்ன ஊர், அதற்கு மேற்கே சில மைல் தள்ளி. ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாடகை பிக்கப்பில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஃப்ரீமான்ட்டிலிருந்து கிளம்பினேன். இழுவை வண்டிக்கு இந்த மாநிலத்தில் வேக வரம்பு மணிக்கு 55 மைல். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று மணி நேரப் பயணம் என்று நினைத்தது வெள்ளிக்கிழமை நெரிசலும் சேர்ந்து ஐந்தரை மணி நேரமாகிவிட்டது. வில்லோஸை நெருங்கும்போது சாலையின் இரண்டு பக்கமும் நெல் வயல், தண்ணீர் கட்டி இளம்பச்சையாக நின்றது. கண்ணாடியை இறக்கினால் எங்கள் ஊர் சேற்று வாசனை. அந்த ஐந்து நிமிடம் மனது நிறைந்திருந்தது. டிராக்குக்குள் போய்ச் சேர்ந்தபோது டெக் மேசையை மூடிவிட்டார்கள்.

டெக் என்பது காரையும் நம் பாதுகாப்புப் பொருட்களையும் சரிபார்க்கும் இடம். அவர்கள் ஒப்புக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டினால்தான் டிராக்கில் இறங்க முடியும். சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கே வரிசையில் நின்றேன். வயதான ஒரு அம்மா டார்ச் லைட்டோடு காருக்குள் குனிந்தார். கூண்டைத் தட்டிப் பார்த்தார், ஜன்னல் வலையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் தோள் பெல்ட்டைத் திருப்பி, தையலோரம் இருந்த தீப்பெட்டி அளவு வெள்ளைத் துணி லேபிளை எனக்குக் காட்டினார். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை போட்ட பெல்ட்டில் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். என் பெல்ட்டில் இருந்தது போன வருடம். டிசம்பரோடு முடிந்துவிட்டது. பெல்ட் பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஆனால் வெயிலும் வியர்வையும் நூலின் பலத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் தின்றுவிடும் என்பதால் இதில் பேச்சுக்கே இடமில்லை. அவர் கனிவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டது. ரேஸ் கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பெல்ட்டின் லேபிளைப் பாருங்கள். கூடவே காரின் சோதனைப் பதிவேடான லாக்புக்கையும், அந்த வருடச் சோதனை முடிந்திருக்கிறதா என்பதையும், தீயணைப்புச் சிலிண்டரையும் பாருங்கள். அந்தச் செலவுகளை விலையில் கழித்துப் பேசலாம். விற்றவரை நான் குறை சொல்லவில்லை, நான் கேட்டிருந்தால் காட்டியிருப்பார்.

ஹெல்மெட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பக்கத்து வரிசையில் ஓர் இளைஞரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையில் எஸ்ஏ என்று தொடங்குவதுதான் கார் ரேஸுக்கு, எம் என்று தொடங்குவது மோட்டார் சைக்கிளுக்கு. கார் ஹெல்மெட்டின் உள் துணி தீயைத் தாங்க வேண்டும், அதுதான் முக்கிய வித்தியாசம். தெரியாமல் எம் வாங்கினால் அந்தப் பணம் போனது போனதுதான். கழுத்துக்கு மாட்டும் ஹான்ஸ் கருவியில் நான் சிக்கனம் பார்க்கவில்லை. கார் மோதி நிற்கும்போது உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் போகும், மண்டையோட்டின் அடிப்பகுதி உடையும். 1981-ல் ஜிம் டவுனிங் என்ற பந்தய வீரர் தன் நண்பரை இப்படித்தான் இழந்தார். அவருடைய மச்சான் ராபர்ட் ஹப்பர்டு உயிரி இயந்திரவியல் பேராசிரியர். இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஹான்ஸ். குடும்பத்துக்குள் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அவர் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டதால் வந்த பொருள். இது எனக்கு ரேஸ் முடிந்து வீட்டில் படித்தபோது தெரிந்தது. அன்றைக்கு என்னோடு யாரும் இல்லை என்பது அதைப் படித்தபோது திரும்பவும் உறைத்தது.

சரி, பெல்ட்டுக்கு வருகிறேன். டிராக்கிலேயே உதிரிப் பொருள் விற்பவர் ஒருவர் வண்டி போட்டிருந்தார். 380 டாலர். முன்கூட்டியே வாங்கியிருந்தால் 220-க்குக் கிடைத்திருக்கும். அந்த வித்தியாசத்தை விட மாற்றுவதற்குச் செலவான நேரம்தான் வலித்தது. தோள் பெல்ட்டையும் இடுப்புப் பெல்ட்டையும் எளிதாக மாட்டிவிடலாம். கால்களுக்கு நடுவே வரும் பெல்ட்டின் போல்ட் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சீட்டைக் கழற்றாமல் கை போகாது. கீழே படுத்துக்கொண்டு ஒருவர் நட்டைப் பிடிக்க, உள்ளே இருந்து இன்னொருவர் போல்ட்டைத் திருகினால் இருபது நிமிட வேலை. தனியாளாக நான் காருக்கு அடியில் போவதும் வெளியே வந்து மேலே ஏறுவதுமாக இரண்டு மணி நேரம் போராடினேன். என் வகுப்புக்கான பயிற்சி ஓட்டம் அதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் காருக்கு அடியில் படுத்தபடி கேட்டேன். இவ்வளவு பணம் போட்டு இங்கே வந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தொண்டை அடைத்தது. யாரையாவது கூப்பிட்டு உதவி கேட்டிருக்கலாம். புது இடம், எல்லாரும் பழகியவர்கள், தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் இடமான பேடக்கில் இருப்பவர்கள் போல உதவி செய்பவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும்.

ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதை முடிவு செய்யும் தகுதிச் சுற்றுக்கு நேராகப் போனேன். அந்தக் காரில் என் முதல் சுற்றே அதுதான். தண்டர்ஹில்லின் கிழக்கு டிராக் மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவு, 15 வளைவுகள். ஐந்தாவது வளைவும் ஒன்பதாவது வளைவும் மேட்டின் மேல் இருக்கின்றன. ஏறும்போது எதிரே வானம்தான் தெரியும், சாலை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். முதல் சுற்றில், டிராக்கோரம் கொடி காட்டும் மார்ஷல்கள் நிற்கும் ஒவ்வொரு மேடையிலும் வெள்ளைக் கொடி காட்டினார்கள். எனக்குப் பக்கென்றது. சில பந்தயங்களில் வெள்ளைக் கொடி என்றால் கடைசிச் சுற்று. இந்தக் கிளப்பில் அதற்குப் பொருள் வேறு, டிராக்கில் மெதுவாகப் போகும் வண்டி இருக்கிறது என்பது. முதல் சுற்றில் மட்டும், மேடைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரிவதற்காகக் காட்டுகிறார்கள். பள்ளியில் சொல்லிக் கொடுத்ததுதான், பதற்றத்தில் மறந்துவிட்டது. கொடிகளை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி படித்துவிட்டுப் போங்கள். நான்காவது சுற்றில் பத்தாவது வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்ததில் முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. புது டயர் இரண்டும் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்டன. 480 டாலர். பயிற்சி ஓட்டத்தில் இந்தப் பிரேக்கின் குணத்தைத் தெரிந்துகொண்டிருப்பேன்.

இனி சொல்லப்போவதுதான் இதை எழுதக் காரணம். தகுதிச் சுற்று முடிந்து வந்ததும் காரை ஜாக்கியில் ஏற்றி, முன் சக்கரங்கள் இரண்டையும் மாற்றினேன். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. மியாட்டாவுக்குச் சக்கரத்துக்கு நான்கு நட்டு. கார் தூக்கியிருக்கும்போது கையால் முடிந்தவரை முறுக்கிவிட்டு, தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சு போட்டு 80 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்க வேண்டும், அந்த அளவை எட்டியதும் ரெஞ்சு 'கிளிக்' என்னும். வலப்பக்கம் முடித்தேன். இடப்பக்கம் கையால் முறுக்கி, காரை இறக்கினேன். அந்த நேரம் ஒலிபெருக்கியில் எங்கள் குழுவைக் கிரிட்டுக்கு, அதாவது ரேஸுக்கு முன் கார்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு, அழைத்தார்கள். ஐந்து நிமிட அறிவிப்புக்கு முன் போய் நிற்காவிட்டால் இடம் போய்விடும், கடைசியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். தீப்பிடிக்காத உடையை இழுத்துப் பூட்டி, ஹெல்மெட், ஹான்ஸ், கையுறை மாட்டி, பெல்ட்டைத் தனியாக இறுக்கிக்கொண்டு ஓடினேன். டார்க் ரெஞ்சு அதன் பெட்டியிலேயே கிடந்தது.

பச்சைக் கொடி விழுந்தது. முப்பது கார்கள் ஒன்றாக முதல் வளைவுக்குள் போகும் அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. மூன்றாவது சுற்றில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. டயரில் ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எட்டாவது வளைவு இடப்பக்கம் திரும்பும் வேகமான வளைவு, அங்கே எங்கள் கார்களே 90 மைலுக்கு மேல் போகும். நான்காவது சுற்றில் அங்கே போனபோது நடுக்கம் கைவழியாகப் பல்வரை ஏறியது. முன்னால் போன காரை விட மனம் வரவில்லை, அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு சுற்று பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, டிராக்கை விட்டுப் பிட்டுக்குள் வந்தேன். இடது முன் சக்கரத்தில் நான்கு நட்டில் இரண்டைக் காணோம். மூன்றாவதை விரலால் சுற்ற முடிந்தது. நான்காவது ஒன்றுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. சக்கரத்தின் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. அந்த நட்டைத் தொட்ட விரல் சுட்டது, அதற்குப் பிறகுதான் கால்கள் நடுங்கத் தொடங்கின. என் ஒருவன் உயிர் மட்டும் இல்லை. கழன்ற சக்கரம் பின்னால் வருபவர் மேலோ, வளைவில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல் மேலோ போயிருக்கும். அந்த மார்ஷல்கள் யாரும் சம்பளத்துக்கு நிற்பவர்கள் இல்லை, எல்லாரும் தொண்டர்கள்.

பக்கத்து இடத்தில் கார் போட்டிருந்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். என்னை நிழலில் உட்காரவைத்து, இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்துக் குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு அவர் பழக்கம் ஒன்றைச் சொன்னார். சக்கரத்தைக் கழற்றிய அந்தக் கணமே டார்க் ரெஞ்சை எடுத்து ஓட்டுநர் சீட்டில் போட்டுவிடுவாராம். நட்டை இறுக்காமல் சீட்டில் உட்காரவே முடியாது, உட்கார்ந்தால் இடுப்பில் குத்தும். முப்பது வருடமாக அப்படித்தானாம். இறுக்கிய நட்டின் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னார், நகர்ந்திருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். தனியாகப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு வில்லோஸ் மோட்டலில் படுத்து மனைவிக்கு போன் செய்தேன். மறைக்கலாம் என்று நினைத்துத்தான் பேச்சைத் தொடங்கினேன், இரண்டாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "நீங்க ஓட்டுறது எனக்குப் பயம் இல்லைங்க. தனியாப் போனதுதான் பயம். தம்பி சாக்ரமென்டோலதானே இருக்கான், ஒரு வார்த்தை சொன்னா வந்திருக்க மாட்டானா?" என்றாள். மச்சானுக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாதே என்றுதான் கூப்பிடவில்லை. அதை அவளிடம் சொன்னபோதே அது சரியான காரணம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. தண்ணீரை நீட்டவும், நேரத்தைப் பார்த்துச் சொல்லவும், "நட்டு இறுக்கியாச்சா?" என்று கேட்கவும் காரைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை.

ஞாயிறு காலை பெரியவரும் நானும் சேர்ந்து, நட்டு ஏறும் திருகுக் கம்பிகளான ஸ்டட்களில் தேய்ந்தவற்றை மாற்றினோம். சக்கரம் ஒன்றை அவரே இரவல் கொடுத்தார். பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னார், முந்தின நாள் பெடல் மெத்தென்று இறங்குவதாக நான் சொன்னதைக் கேட்டு. சாதாரண டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. பழசாகி ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அது 155 வரை இறங்கிவிடும். ரேஸில் பிரேக் அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும். அதனால் ரேஸ் ஆயில் புதிதாக ஊற்றாமல் இறங்கக் கூடாது. அன்றைய ரேஸை முழுவதுமாக ஓட்டி 31 பேரில் 24-ஆவதாக வந்தேன். ரேஸ் முடிவுக் கொடி விழுந்த பிறகு மெதுவாக வரும் சுற்றில் எல்லாரும் மார்ஷல்களுக்கு ஜன்னல் வழியே கை ஆட்டி நன்றி சொல்வார்கள். நானும் ஒவ்வொரு மேடையிலும் கை ஆட்டினேன். எட்டாவது வளைவில் நின்றவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பணக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லாதது அதுதான். நுழைவுக் கட்டணம் 525, பிக்கப்பும் டிரெய்லரும் 310, வழிச் செலவுப் பெட்ரோல் 190, ரேஸ் காருக்கு 110, மோட்டல் இரண்டு இரவு 230, பெல்ட் 380, டயர் 480, பிரேக் சாமான் 150, சாப்பாடு 70. இதில் பெல்ட்டும் டயரும் என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். டிராக்கில் நான் ஓட்டிய மொத்த நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. சாதாரணக் கார் இன்சூரன்ஸ் ரேஸில் நடக்கும் சேதத்துக்கு ஒரு பைசா தராது என்பதும் மனதில் இருக்கட்டும். காரை இழந்தாலும் வீட்டுக் கடன் கட்ட முடியும் என்ற நிலையில்தான் இதில் இறங்க வேண்டும்.

திரும்பி வரும் வழிதான் அந்த இரண்டு நாளில் மிக ஆபத்தானது என்று இப்போது நினைக்கிறேன். ஞாயிறு மாலை ஏழு மணி, உடம்பில் உப்பெல்லாம் வியர்வையாகப் போயிருந்தது, தொடை இரண்டும் பிடித்து இழுத்தன. பின்னால் டிரெய்லர். வழியில் கண் ஒரு தடவை மூடித் திறந்ததும் சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு மணி நேரம் தூங்கினேன். திங்கட்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, ஞாயிறு இரவும் அங்கேயே தங்கிவிடுங்கள். ஒரு இரவு வாடகைதான்.

செப்டம்பரில் மறுபடி தண்டர்ஹில் போனேன். மச்சான் சாக்ரமென்டோவிலிருந்து வெள்ளிக்கிழமையே வந்து எனக்கு முன்னால் டிராக்கில் இருந்தான், ஒரு பெட்டி ஐஸும் அக்கா கொண்டுபோகச் சொன்ன நீர்மோருமாக. டெக் முதல் நாள் மாலையே முடிந்தது. ரேஸுக்குப் பத்து நிமிடம் முன் நான் ஹெல்மெட்டோடு காரிடம் வந்தபோது டார்க் ரெஞ்சு சீட்டில் இல்லை. அது மச்சான் கையில் இருந்தது. "பதினாறும் பாத்துட்டேன் மாமா, உக்காருங்க" என்றான். பிறகு, நான் உட்கார்ந்ததும், இடது முன் சக்கரத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்தான். நான்கு கிளிக் கேட்டது.